தியோடோர் பில்ராத்: இறந்தவர்களையும் கணக்கில் எழுதிய அறுவை மருத்துவர்

"பில்ராத் என்பவர் யார்? அவர் ஜெர்மானியரா, ஆஸ்திரியரா? இரைப்பை அறுவையைத் தவிர அவர் வேறு என்ன செய்தார்?" என்பது கேள்வி. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியிருப்பதால், மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவர்களின் காதிலும் அந்தப் பெயர் விழுந்திருக்கும். மருத்துவம் படித்தவர்களுக்கோ 'பில்ராத் ஒன்று', 'பில்ராத் இரண்டு' என்னும் இரண்டு அறுவை முறைகளாகத்தான் அவர் அறிமுகம். அந்த முறைகள் பெரியவைதாம். ஆனாலும் அவருடைய வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அவருக்கு அந்த இடத்தைப் பெற்றுத் தந்தவை வேறு இரண்டு பழக்கங்கள் என்பது என் கருத்து. தம் கையில் இறந்த நோயாளிகளையும் எண்ணி அச்சில் வெளியிட்டது ஒன்று. தமக்குத் தெரிந்ததையெல்லாம் உதவியாளர்களிடம் ஒப்படைத்து அவர்களை ஊர் ஊராக அனுப்பிவைத்தது மற்றொன்று. இந்தப் பதிலில் அவற்றுக்கே கூடுதல் இடம் தருகிறேன்.

முதலில் நாட்டைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். பில்ராத் 1829 ஏப்ரல் 26 அன்று, பால்டிக் கடலில் உள்ள ரூகன் தீவின் பெர்கன் என்னும் சிற்றூரில், அப்போதைய பிரஷ்ய அரசின் குடிமகனாகப் பிறந்தார். வாழ்நாளின் கடைசி 27 ஆண்டுகளை வியன்னாவில் கழித்தார். அதனால்தான் பல நூல்கள் அவரை ஆஸ்திரியர் என்று எழுதுகின்றன. பிறப்பாலும் கல்வியாலும் அவர் வட ஜெர்மானியர். தம்மை அவர் அப்படித்தான் கருதினார்.

தந்தை ஒரு லூத்தரன் போதகர். பில்ராத்துக்கு ஐந்து வயதாகும்போதே தந்தை காசநோயில் இறந்துவிட, தாய் பிள்ளைகளுடன் கிரைஃப்ஸ்வால்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். பள்ளியில் பில்ராத் சிறந்த மாணவர் அல்லர். அவர் மனம் முழுவதும் பியானோவில் இருந்தது. இசையையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்ற அவருடைய ஆசையைக் குடும்பத்தார் மருத்துவத்தின் பக்கம் திருப்பிவிட்டனர். 1848இல் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அறுவைப் பேராசிரியர் வில்ஹெல்ம் பௌம் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது அவரைப் பின்தொடர்ந்து அங்கே சென்றார். அங்கே உடலியங்கியல் அறிஞர் ருடால்ஃப் வாக்னரிடம் நுண்ணோக்கியைக் கையாளக் கற்றார்; அவருடன் திரியெஸ்தே வரை பயணம் செய்து, மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனின் நரம்புகளை ஆராயும் பணியில் பங்கேற்றார். கத்தியைப் பிடிப்பதற்கு முன்பே நுண்ணோக்கி அவர் கைக்கு வந்துவிட்டது. பின்னாளில் அவர் செய்த பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

1852இல் பெர்லினில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு அந்நகரிலேயே தனியாக மருத்துவத் தொழில் தொடங்கினார். இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு நோயாளிகூட வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு நண்பரின் உதவியால், பெர்லின் பல்கலைக்கழகத்தின் அறுவைப் பேராசிரியர் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கென்பெக்கிடம் உதவியாளர் இடம் கிடைத்தது. ஜெர்மன் அறுவை மருத்துவத்தின் மையமாக அப்போது இருந்தது லாங்கென்பெக்கின் கூடம்தான். பட்டம் பெற்ற இளைஞர்களை அவர் பல ஆண்டுகள் தம்முடன் வைத்துக்கொள்வார். படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டித் தருவார். முதிர்ந்த பிறகு வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக அனுப்புவார். பில்ராத் அங்கே ஏழு ஆண்டுகள் இருந்தார். லாங்கென்பெக்கும் அவரும் ஏர்ன்ஸ்ட் குர்ல்ட்டும் சேர்ந்து தொடங்கிய அறுவை மருத்துவ இதழ், லாங்கென்பெக்கின் பெயரோடு இன்றும் வெளிவருகிறது. இடையில் ஒரு திருப்பம் நேர்ந்திருக்கக்கூடும்: 1856இல் பெர்லினின் நோயியல் பேராசிரியர் பதவிக்குப் பில்ராத்தின் பெயரும் பேசப்பட்டது. பதவி ருடால்ஃப் விர்ஷோவுக்குப் போயிற்று. அது பில்ராத்துக்குக் கிடைத்திருந்தால் அவர் கத்தியைக் கீழே வைத்திருப்பார் என்றே தோன்றுகிறது.

1860இல் சூரிச் பல்கலைக்கழகம் அவரை அறுவைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது அவருக்கு 31 வயது. அந்த ஏழாண்டுச் சூரிச் வாழ்க்கையில் இரண்டு நூல்கள் பிறந்தன. முதலாவது, 1863இல் வெளிவந்த பொது அறுவை நோயியலும் மருத்துவமும் பற்றிய 50 விரிவுரைகளின் தொகுப்பு. அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஒரு தலைமுறை மாணவர்களின் பாடநூலாயிற்று. காயம் ஏன் சிவக்கிறது, சீழ் எப்படி உண்டாகிறது, தசைநாரும் எலும்பும் எவ்வாறு மீண்டும் கூடுகின்றன என்பவற்றை நுண்ணோக்கியில் கண்டபடி விளக்கிவிட்டு, அதன் பிறகே எங்கே வெட்டுவது என்ற பேச்சுக்கு அந்நூல் வரும்.

இரண்டாவது நூலைப் பற்றி இன்று பலரும் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் அவர் செய்தவற்றுள் மிகத் துணிவானது என்று படுகிறது. சூரிச் மருத்துவமனையில் 1860 முதல் 1867 வரை தாம் பார்த்த நோயாளிகளின் முழுக் கணக்கையும் அவர் வெளியிட்டார். எந்த நோய், எந்த அறுவை, எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் இறந்தனர், வீடு திரும்பியவர்கள் பிறகு என்ன ஆயினர் என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் தமக்குக் கைகூடிய அரிய நிகழ்வுகளைத் தனித்தனியாக எழுதிப் புகழ் தேடுவதே வழக்கம். பிணவறைக்குப் போனவர்களைப் பற்றிப் பேச்சே எழாது. அந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவர், வளர்ந்துவரும் நிலையில், தம் பெயருக்குக் கீழே மரண விகிதங்களை அச்சிட்டது எளிய செயல் அன்று.

அந்தக் கணக்கு வெறும் நேர்மைப் பறைசாற்றலாக நின்றுவிடவில்லை. அவருடைய கையையே அது தடுத்தது. சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில், உணவில் அயோடின் குறைவாக இருந்ததால், முன்கழுத்துக் கழலை மிகப் பரவலாக இருந்தது. சிலருக்கு அது மூச்சுக்குழாயையே நெரிக்கும் அளவுக்கு வளரும். பில்ராத் அந்தக் கழலைகளை வெட்டியெடுக்க முயன்றார். அவ்வாறு அறுவை செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பெரும்பாலும் சீழ்த்தொற்றால் இறந்தனர். தம் எண்களைப் பார்த்த அவர் அந்த அறுவையை ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கைவிட்டார். கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கும், பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் முறை வியன்னாவில் வேரூன்றிய பிறகு, 1877இல்தான் மீண்டும் தொடங்கினார். அப்போது மரண விகிதம் சுமார் 8 விழுக்காடாகக் குறைந்தது. கழலை கண்ட தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்தால் சிலருக்குக் கைகால்கள் இழுத்துக்கொள்ளும் வலிப்பு வருகிறது என்பதையும் அவருடைய கூடத்தினர் பதிவு செய்தனர். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சுரப்பிகளை அறியாமல் எடுத்துவிடுவதால் அது நேர்கிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

லிஸ்டரின் முறையை அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹாலே நகரத்தில் இருந்த அவருடைய நண்பர் ரிச்சர்ட் ஃபோல்க்மன் அதை முன்பே கைக்கொண்டு வெற்றி கண்டிருந்தார்; பில்ராத் 1870களின் நடுப்பகுதிவரை தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் அவருடைய சொந்த ஆராய்ச்சி. காயங்களின் சீழை ஆண்டுக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்து, 1874இல் அவர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். சங்கிலிபோல் கோத்திருக்கும் நுண்ணுயிர்களை அதில் விவரித்து அவற்றுக்கு இட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பெயரை இன்றும் உலகம் வழங்குகிறது. ஆனால் உருண்டையும் கோலும் சங்கிலியுமாகத் தாம் கண்டவையெல்லாம் ஒரே உயிரின் பல வடிவங்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1878இல் ராபர்ட் கோஹ் காயத்தொற்றுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி நுண்ணுயிர் உண்டு என்று காட்டியபோது, பில்ராத்தின் கோட்பாடு சரிந்தது. பல்லாண்டு உழைப்பு அப்படிப் போனதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும். எனினும் புதிய கருத்தை எதிர்த்து அவர் மல்லுக்கு நிற்கவில்லை.

1867இல் வியன்னாவின் பொது மருத்துவமனையில் இரண்டாம் அறுவைக் கூடத்தின் தலைவராக அவர் பொறுப்பேற்றார். ஹாப்ஸ்பர்க் பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகளும் மாணவர்களும் வந்து சேரும் இடம் அது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, தாமாகவே முன்வந்து வைசன்பர்க்கிலும் மன்ஹைமிலும் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தார். அங்கேயும் கணக்கெழுதும் பழக்கம் விடவில்லை. 1891இல் ஆஸ்திரிய அரசியல் அவையில் பேசும்போது, புதிய துப்பாக்கிகளோடு வரப்போகும் போர்களில் காயமுறுவோரைத் தூக்கிச் செல்வதற்கே ஆள் போதாது என்று எச்சரித்தவரும் இவரே.

அவருடைய பெரிய அறுவைகள் எல்லாமே வியன்னாவில் நடந்தவை. அவற்றுக்கு ஒரு பொதுவான நடைமுறை உண்டு. முதலில் நாய்களிடம் செய்து பார்ப்பது, அடுத்துப் பிணக்கூறாய்வுப் பதிவேடுகளைப் புரட்டுவது, அதன் பிறகே மனித உடல். உணவுக்குழாயின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க முடியுமா என்பதை அவர் 1871 அளவில் நாய்களிடம் சோதித்தார். அதை மனிதரிடம் முதலில் செய்தவர் அவருடைய மாணவர் வின்சென்ஸ் செர்னி, 1877இல், ஹைடல்பர்க்கில். குரல்வளையை முழுவதும் எடுக்கும் அறுவையைச் செர்னி நாய்களிடம் சோதித்தார். அதை மனிதரிடம் 1873 டிசம்பர் 31 அன்று பில்ராத் செய்தார். புற்றுநோய் கண்டிருந்த அந்த நோயாளி ஓர் ஆசிரியர். குரலை இழந்த அவருக்காக, உதவியாளர் கார்ல் குசென்பவர் உலோக நாக்கு பொருத்திய ஒரு செயற்கைக் குரல்வளையைச் செய்து கொடுத்தார். ஏற்ற இறக்கமில்லாத குரல்தான். என்றாலும் பிறருக்குப் புரியும்படி அவர் பேசினார். சில மாதங்களில் நோய் திரும்பி வந்து அவர் இறந்தார்.

இரைப்பை அறுவைக்கான முன்னேற்பாடு இதைவிட நீண்டது. குசென்பவரும் அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டரும் நாய்களின் இரைப்பை வாயிலை, அதாவது இரைப்பை சிறுகுடலோடு சேரும் இடத்தை, வெட்டித் தைத்து, செரிமான நீர் பட்டாலும் தையல் கரைந்து போகாமல் நிற்கிறதா என்று பார்த்தனர். கூடவே வியன்னா மருத்துவமனையின் பல்லாயிரம் பிணக்கூறாய்வுப் பதிவுகளையும் அலசினர். இரைப்பை வாயிலில் புற்று வந்து இறந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் நால்வருக்கு நோய் வேறெங்கும் பரவியிருக்கவில்லை என்று தெரிந்தது. அதாவது, அந்தக் கட்டியை மட்டும் எடுக்க முடிந்திருந்தால் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். 1877இல் ஒருவருடைய இரைப்பையில் இருந்த துளையைப் பில்ராத் தைத்து மூடி வெற்றி கண்டார். இதற்கிடையே பாரிசில் பேயான் 1879இலும், போலந்து அறுவை மருத்துவர் ரிடிகியர் 1880இலும் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தனர். இருவருடைய நோயாளிகளும் இறந்தனர்.

1881 ஜனவரி 29 அன்று பில்ராத்தின் மேசையில் கிடந்தவர் 43 வயதான தெரேசே ஹெல்லர். பல குழந்தைகளின் தாய். உண்டதெல்லாம் வாந்தியாகி, புளித்த பாலைத் தவிர வேறு எதுவும் தங்காத நிலையில் உடல் வற்றிப் போயிருந்தது. அறுவைக்கு முன் அவருடைய இரைப்பை வெதுவெதுப்பான நீரால் கழுவப்பட்டது. அறை நன்றாகச் சூடாக்கப்பட்டிருந்தது. குளோரோபார்ம் தந்து மயக்கிய பிறகு, கட்டிக்கு நேர்மேலே குறுக்காக வயிற்றைத் திறந்து, புற்று பிடித்த வாயிலோடு சேர்த்து இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார். எடுத்த துண்டின் நீளம் 14 செ.மீ. மீந்த இரைப்பையின் அகன்ற வாயும் சிறுகுடலின் குறுகிய வாயும் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே இரைப்பையின் விளிம்பில் ஒரு பகுதியை முதலில் தைத்துச் சுருக்கி, எஞ்சிய திறப்பில் குடலைப் பொருத்தினார். சுமார் 50 பட்டு நூல் தையல்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். உடலுக்குள் குருதி ஏற்றும் வசதியோ, இரத்தக் குழாய் வழியாக உணவு செலுத்தும் முறையோ இல்லாத காலம் அது. தெரேசே ஹெல்லர் பிழைத்தார், வாந்தி நின்றது, சாப்பிட்டார், சில வாரங்களில் வீடு திரும்பினார்.

அறுவை முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் பில்ராத் வியன்னா மருத்துவ வார இதழின் ஆசிரியருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அதில் வெற்றி முழக்கத்தைவிட, மேலே சொன்ன நாய்ச் சோதனைகளும் பிணக்கூறாய்வுக் கணக்குகளும், அவற்றைச் செய்த உதவியாளர்களின் பெயர்களும் மிகுதி. தெரேசே ஹெல்லர் நான்கு மாதங்களுக்குப் பிறகு நோய் பரவி இறந்தார். பிணக்கூறாய்வில், தைத்த இடம் முழுமையாகக் கூடியிருந்தது தெரிந்தது. அந்த இரைப்பை வியன்னாவின் ஜோசபீனம் அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அந்த நான்கு மாதங்களை வைத்து இதை வெற்றி என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டினியால் செத்துக்கொண்டிருந்த ஒருவர் நான்கு மாதம் உணவு உண்டு வாழ்ந்தார் என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை.

இரைப்பையை முன்சிறுகுடலோடு நேராக இணைக்கும் அந்த வழியே 'பில்ராத் ஒன்று'. 'பில்ராத் இரண்டு' 1885இல், திட்டமிடாமல் பிறந்தது. நோயாளி மிகவும் நலிந்திருந்ததால், கட்டியைத் தொடாமல், இரைப்பையையும் சிறுகுடலின் ஒரு வளைவையும் இணைத்து உணவுக்கு மாற்றுப் பாதை மட்டும் அமைப்பதென்று தொடங்கினார். அந்த மாற்றுப் பாதையை 1881இல் முதலில் செய்து காட்டியவர் அவருடைய மாணவர் அன்டன் வோல்ஃப்ளர். இணைப்பை முடித்த பிறகும் நோயாளியின் நிலை எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்ததால், அப்போதே கட்டியையும் வெட்டியெடுத்து இரு முனைகளையும் தைத்து மூடிவிட்டார். இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு முறைகளும் பெரும்பாலும் வயிற்றுப்புண்ணுக்காகவே செய்யப்பட்டன. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும், புண்ணை உண்டாக்கும் நுண்ணுயிரைக் கொல்லும் மருந்துகளும் வந்த பிறகு அந்தத் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. புற்றுக்காக இன்றும் செய்யப்படுகின்றன.

ஆசிரியர் என்ற முறையில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு அடல்பர்ட் செலிக்மன் 1890 அளவில் தீட்டிய ஓவியம் நல்ல சான்று. செங்குத்தாக உயரும் படிவரிசைகளில் கருப்புக் கோட்டு அணிந்த பார்வையாளர்கள்; கீழே வெண்ணிற மேலங்கியில் உதவியாளர்கள்; நடுவே வெண்தாடியுடன் பில்ராத். யாருடைய கையிலும் உறை இல்லை, யாருடைய முகத்திலும் துணி இல்லை. இந்தக் குறைகள் நீங்கியதும் அந்த மரபின் வழியாகத்தான். முகத்துணியை 1897இல் பிரெஸ்லாவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மாணவர் யோஹான் மிகுலிச். கையுறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பரப்பிய வில்லியம் ஹால்ஸ்டெட், 1878 முதல் 1880 வரை ஐரோப்பாவில் தங்கியபோது பில்ராத்தின் கூடத்தில் பொழுதைக் கழித்து, மிகுலிச்சோடும் வோல்ஃப்ளரோடும் நட்புக் கொண்டவர். அமெரிக்காவில் அறுவை மருத்துவர்களுக்கான பல்லாண்டு உறைவிடப் பயிற்சியை ஹால்ஸ்டெட் அமைத்தபோது, ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் கண்ட இந்த முறையே அவருக்கு முன்மாதிரி. நம் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பொறுப்பு ஏறும் பயிற்சியும் அந்த மரபை ஒட்டியதே.

மாணவர்கள் எங்கெல்லாம் பேராசிரியர் ஆயினர் என்று பார்த்தால், செர்னி ஹைடல்பர்க்கிலும், வினிவார்ட்டர் லியேஜிலும், வோல்ஃப்ளர் கிராட்ஸிலும் பிராகிலும், மிகுலிச் கிராகோவ், கோனிக்ஸ்பர்க், பிரெஸ்லாவ் ஆகிய ஊர்களிலும், ஐசல்ஸ்பர்க் உட்ரெக்ட் தொடங்கி வியன்னா வரையிலும் அறுவைக் கூடங்களை நடத்தினர். அறுவையின் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டு உழைப்பை மாணவருக்கு விட்டுவிடும் ஆசிரியர்களை நாம் எல்லோரும் அறிவோம். பில்ராத்தின் கூடத்தில் சோதனை செய்தவரின் பெயரிலேயே கட்டுரை வெளிவந்தது. 1882இல் லாங்கென்பெக் ஓய்வுபெற்றபோது பெர்லினின் அந்தப் பதவி தம்மைத் தேடி வந்தும், அவர் வியன்னாவை விட்டுப் போகவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது சரியாகாது. மருத்துவக் கல்வியைப் பற்றி 1876இல் அவர் எழுதிய நூல், பாடத்திட்டம் பற்றிய கூர்மையான சிந்தனைகளோடு, ஹங்கேரியிலிருந்தும் கலீசியாவிலிருந்தும் வந்த ஏழை யூத மாணவர்களை இழிவுபடுத்தும் பக்கங்களையும் கொண்டிருந்தது. யூதர்கள் ஒருபோதும் ஜெர்மானியர் ஆக முடியாது என்ற கருத்தை அவர் அதில் வைத்தார். பல்கலைக்கழகத்தில் கொந்தளிப்பு எழுந்தது. ஜெர்மன் தேசியவாத மாணவர்கள் அவரைக் கொண்டாடினர். பிற்காலத்தில் அவர் வியன்னாவில் யூத வெறுப்பை எதிர்க்கும் சங்கத்தில் சேர்ந்தார். மனம் மாறியது நல்லது. ஆனால் அவருடைய பெயரின் எடை அந்த வெறுப்புக்குப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு மரியாதையைத் தேடித் தந்துவிட்டது என்பதும் வரலாறு. இதன் எதிர்ப்பக்கத்தில், அவர் சொல்லாததையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். "இதயத்தில் தையல் போட முயல்பவன் சக மருத்துவரின் மதிப்பை இழப்பான்" என்று அவர் சொன்னதாக உலவும் வாசகத்துக்கு உறுதியான மூலத்தை எவரும் காட்டியதில்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1896இல், ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் இதயக் காயத்தை வெற்றியோடு தைத்தார்.

அறுவைக் கூடத்துக்கு வெளியே இரண்டு பணிகள் குறிப்பிடத்தக்கவை. அறுவை எவ்வளவு நன்றாக நடந்தாலும் இரவில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற கைகள் இல்லாவிட்டால் பயனில்லை என்பதைப் போரிலேயே அவர் கண்டிருந்தார். வீட்டிலும் மருத்துவமனையிலும் நோயாளியைப் பேணுவது பற்றி 1881இல் ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு ருடோல்ஃபினர்ஹவுஸ் என்னும் மருத்துவமனையையும் சமயச் சார்பற்ற செவிலியர் பள்ளியையும் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. மற்றொன்று இசை. சூரிச்சில் 1865இல் அறிமுகமான இசையமைப்பாளர் யோஹன்னஸ் பிராம்ஸ், வியன்னாவில் அவருடைய நெருங்கிய நண்பரானார். பிராம்ஸின் புதிய படைப்புகள் பல, கச்சேரி மேடைக்குப் போகுமுன் பில்ராத்தின் வீட்டில் வாசித்துப் பார்க்கப்பட்டன. 1873இல் வெளிவந்த இரண்டு தந்திக் குவார்டெட்டுகளை, அதாவது நான்கு தந்திக் கருவிகளுக்கான இசைப்படைப்புகளை, பிராம்ஸ் அவருக்கே காணிக்கையாக்கினார். பில்ராத் பியானோவும் வயோலாவும் வாசிப்பார். இசையுணர்வு யாரிடம் இருக்கிறது, அது உடலில் எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராயும் ஒரு நூலை அவர் எழுதத் தொடங்கி முடிக்காமலே விட்டார். அவர் மறைந்த பிறகு இசை விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் அதை வெளியிட்டார்.

1887இல் வந்த கடும் நுரையீரல் அழற்சிக்குப் பிறகு அவருடைய இதயம் பழைய வலுவைப் பெறவில்லை. 1888இல் வியன்னா மருத்துவர் சங்கத்தின் தலைவரானார். அச்சங்கத்துக்கு அவர் முன்னின்று எழுப்பிய கட்டடம் 1893இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி 6 அன்று, ஏட்ரியாட்டிக் கரையில் உள்ள அபாசியாவில், இப்போதைய குரோஷியாவின் ஒபாதியாவில், 64ஆம் வயதில் காலமானார். வியன்னாவின் மத்திய இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய நாற்காலிக்கு, நாய்களின் இரைப்பையைத் தைத்துப் பார்த்த அதே குசென்பவர் அழைக்கப்பட்டார்.